மான்கொம்புப் பிடிக் கத்திக்காகத் தைப்பிங்கிலிருந்து பினாங்குக்கு

மடக்குக் கத்தி சேர்ப்பவர்கள் பினாங்குக்குக் கிளம்பும்முன் இந்தப் பக்கத்தில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: புது மாதிரி வரும் நாளில் எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும்? எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் தட்டுகிறாள். ஆனால் ஏறின நேரம், கொடுத்த காசு, நடந்த தூரம் எதுவும் எனக்கு மறப்பதில்லை. பினாங்குப் பாலம் திறப்பதற்கு முந்தின வருடம் போன பயணம் ஒன்றைச் சொல்கிறேன். பதில் அதில் இருக்கிறது.

அப்போது தைப்பிங் பக்கம் ஈயச் சுரங்கத்தில் எஞ்சினுக்கு எண்ணெய் விடும் வேலை எனக்கு. எந்த இடம் உலர்ந்திருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். அந்தக் காதுதான் கத்தியிலும் உதவியது. நல்ல மடக்குக் கத்தியின் உயிர் அதன் முதுகில் இருக்கும் வில். அலகை மூடும்போது பாக்கு வெட்டியதுபோல 'டக்' என்று விழ வேண்டும். சோம்பேறித்தனமாக மூடினால் வில் இளக்கம் என்று அர்த்தம்.

இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று பழைய பாணிக் கத்தியில் வருடத்துக்கு ஒரு புது மாதிரி விட்டுக்கொண்டிருந்தது. எருமைக்கொம்பு, கருங்காலி, எலும்பு, முத்துச்சிப்பி, பித்தளை என்று ஐந்து பிடிகள் என்னிடம் இருந்தன. ஆறாவது மான்கொம்பு, மூன்று அலகு. அதோடு வரிசை முடிகிறது. பினாங்குக்கு வரப்போவது ஒன்றே ஒன்று என்று கடைக்காரர் பாய் முன்பே சொல்லிவிட்டார்.

எனக்குச் செய்தி சொன்னவர் சிவஞானம் ஐயா. பினாங்கு துறைமுக அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருக்கும் இதே பைத்தியம்தான். காது மட்டும் கொஞ்சம் மந்தம். கம்பெனி அனுப்பும் படப் புத்தகத்தை அவர் எனக்கு வரி விடாமல் படித்துச் சொல்வார். அவர் வாங்கும் கத்தியின் வில்லை நான் கேட்டுச் சொல்வேன். பல வருடமாக எங்களுக்குள் இப்படித்தான். அந்த மான்கொம்பு அவருக்கும் வேண்டும். அப்படி இருந்தும், புதன்கிழமை சரக்கு வருகிறது என்று எனக்குத் தபால் அட்டை போட்டார். எங்கள் சாயாக்கடைக்காரர் படித்துக் காட்டினார். அன்றிலிருந்து நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலை ஆறு மணிக்குத் தைப்பிங்கில் முதல் பஸ். டிக்கெட் மூன்று வெள்ளி எண்பது காசு. பாகான் செராய், பாரிட் புந்தார், நிபோங் தெபால் என்று பழைய சாலையில் ஏறக்குறைய தொண்ணூற்றைந்து கிலோமீட்டர். பாரிட் புந்தாரில் ஓட்டுநர் இறங்கி நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, ஒரு பொட்டலம் வாங்கி, நின்றபடியே சாப்பிட்டார். பன்னிரண்டு நிமிடம். பட்டர்வொர்த்தில் ஃபெர்ரிக் கப்பலைப் பிடிக்க வேண்டும் என்று நான் அவசரப்படுத்தினேன். கப்பல் எங்கேயும் போய்விடாது, அது போய்ப் போய்த் திரும்பி வருவதுதானே என்றார் அவர். பட்டர்வொர்த் சேரும்போது எட்டு இருபது. ஃபெர்ரிக்கு நாற்பது காசு. வரும்போது காசு கிடையாது, போகும்போது மட்டும்தான். கடலைத் தாண்ட இருபது நிமிடம். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் முன்பக்கத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

பினாங்குக் கரையில் வெல்ட் கீ படகுத்துறையில் இறங்கி, சூலியா தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த பாய் கடைக்கு நடை பத்து நிமிடம். நான் எட்டு நிமிடத்தில் போனேன். கடை ஒன்பதரைக்குத் திறந்தது.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணாடிப் பெட்டியின் மேல் பச்சைத் துணி விரித்திருக்கும். கத்தியை யாரும் கைக்குக் கை கொடுப்பதில்லை. பாய் துணியில் வைப்பார், முதலில் எடுத்தவர் பார்க்கலாம். அவர் திரும்பத் துணியில் வைக்கும்வரை வேறு யாரும் அது தனக்கு வேண்டும் என்று கேட்கக் கூடாது. வைத்துவிட்டால், விட்டுவிட்டார் என்று அர்த்தம். வாங்க வருகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

லோரி பதினொரு மணிக்கு வரும் என்றார் பாய். பதினொன்று ஆனது, வரவில்லை. நான் சந்து முனைவரை போவேன், வருவேன். நான்கு கோப்பி குடித்தாயிற்று. வாசலில் ஒரு மோட்டார் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவேன்.

"உக்காருங்க முத்து. என் கடைத் தரை தேஞ்சிறப் போவுது லா" என்றார் பாய்.

கிராணி ஐயாவுக்குச் சாப்பாட்டு நேரம் பன்னிரண்டே முக்காலுக்கு, விட்டதும் நேராகக் கடைக்கு வந்துவிடுவார். அதற்குள் லோரி வந்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரே அரிப்பு. பன்னிரண்டரைக்குப் பொறுக்க முடியவில்லை. துறைமுக வாசலுக்கே போய் லோரி எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். மூன்றரை மணி நேரம் காத்திருந்தவன், அந்தக் கடைசிக் கால் மணி நேரம் உட்காரவில்லை. வாசலில் காவலாளி, அந்த லோரி அப்போதே வெளியேறிவிட்டது, பெரிய தெருவில் நெரிசல் என்று சுற்றிப் போயிருக்கும் என்றார். ஓடி வந்தேன்.

கடையில் சரக்குப் பெட்டியை உடைத்துவிட்டிருந்தார்கள். கிராணி ஐயா கையில் மான்கொம்பு.

"எங்க போனனீர் தம்பி? உமக்காகத்தான் கனநேரமா கையில வச்சுக்கொண்டு நிக்கிறன்" என்றார் அவர்.

எனக்காக என்றால், என் காதுக்காக. துணியில் வைத்தால் கைவிட்டதாகிவிடும் என்று வைக்காமல், என் பக்கம் வந்து, காதருகே பிடித்து அலகைத் திறந்தார். மூடினார்.

டக்.

நாற்பது வருடம் ஆகிறது. அப்படி ஒரு வில்லை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மூன்று அலகையும் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். மூன்றும் ஒரே அளவாக விழுந்தன. பாய் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிராணி ஐயாவும்.

"கொஞ்சம் இளக்கம் ஐயா" என்றேன்.

"உண்மையாவோ?"

"நடு அலகு. ஒரு வருஷத்துல ஆட ஆரம்பிச்சிரும்."

அவர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இளகின கத்தி மேசையில் இருந்தால் தனக்கு நித்திரை வராது என்றார். பச்சைத் துணியில் வைத்தார். அவர் விரலை எடுப்பதற்குள் நான் எடுத்துவிட்டேன்.

"இளக்கம்னு இப்பத்தான் சொன்னீங்க" என்றார் பாய்.

வரிசை முடிய வேண்டும், எனக்கு எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்றேன். கிராணி ஐயா சிரித்தார். இப்படியும் ஒரு பைத்தியமா என்று என் முதுகில் தட்டினார். எழுபத்தைந்து வெள்ளி கொடுத்தேன்.

அவர் அலுவலகத்துக்குத் திரும்ப இன்னும் அரை மணி இருந்தது. என்னோடு வெல்ட் கீ வரை நடந்து வந்தார். சாப்பிடக்கூட இல்லை. பலகையில் உட்கார்ந்து, கத்திப் பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்து முழுக்கப் படித்துச் சொன்னார். எந்த எண்ணெய், எத்தனை சொட்டு, மான்கொம்பை வெயிலில் வைக்கலாமா கூடாதா, எல்லாம். கடைசியில் இருந்த அச்சகத்து முகவரியைக்கூட விடவில்லை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இரண்டு மணிக் கப்பலில் ஏறினேன். எஞ்சின் பக்கத்தில் போய் நின்று, அந்த இரைச்சலில் கத்தியைத் திறந்து மூடினேன். சத்தம் கேட்கவில்லை. ஆனால் கட்டை விரலில் வந்து இடித்தது.

பிறகும் வருடா வருடம் அவருடைய தபால் அட்டை வந்தது. பார்க்கும்போதெல்லாம், அந்த இளகின கத்தி எப்படி இருக்கிறது என்று கேட்பார். அப்படியேதான் ஐயா இருக்கிறது என்பேன். ஒருமுறை தைப்பிங்குக்கு வந்தவர் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். ஐந்து கத்தியைக் காட்டினேன். ஆறாவதை எண்ணெயில் ஊற வைத்திருக்கிறேன் என்றேன். அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. நான் சொல்லவே இல்லை. இந்த இடத்தில் மகள் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். தட்டு என்றேன்.

இனி போகிறவர்களுக்கு. நெடுஞ்சாலை வந்துவிட்டது, தைப்பிங்கிலிருந்து ஒன்றே கால் மணி நேரம் போதும். காரில் போனாலும் பட்டர்வொர்த்தில் நிறுத்திவிட்டுக் கப்பலில் போங்கள், பினாங்கு நகரம் ஜார்ஜ் டவுனில் வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். ஒன்பது மணிக்குக் கடை வாசலில் இருங்கள். சாப்பாட்டைக் கையோடு கொண்டு போங்கள். பெட்டி உடைக்கும்வரை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே போகாதீர்கள்.

கத்தி கையில் வந்ததும் நீங்களே திறந்து, நீங்களே மூடிக் கேளுங்கள். காது மந்தமாக இருந்தால் அலகு பல்லில் படாமல் தாடை எலும்பில் பிடியை வைத்து மூடுங்கள், வில் எலும்பு வழியாகப் பேசும். இந்த வழி எனக்கு அன்றைக்கே தெரியும். கிராணி ஐயாவுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.