என் பாட்டை வேறொருவன் பாடினான்

எங்கள் ஹெவி மெட்டல் இசைக் குழுவில் முதலில் நான்கு பேர். கிட்டார் வாசித்தவன் காஞ்சிபுரத்தில் என்னோடு கல்லூரியில் படித்தவன். டிரம்ஸ் அடித்தவன் வாலாஜாபாத் அரிசி மில்காரரின் மகன். பேஸ் கிட்டார் வாசித்த அண்ணன் ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் வேலை பார்த்தார். பாட்டு எழுதியதும், தொண்டை கிழியப் பாடியதும் நான். பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம்தான். ஆனால் என் சத்தம் மட்டும் தெருவுக்கு ஆகவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மில்லில் பயிற்சி. தவிட்டுத் தூசியில் இருமி இருமிப் பாடுவேன்.

அண்ணனுக்கு ஷிப்ட் மாறியதும் விலகிக்கொண்டார். அந்த இடத்துக்குச் சென்னையிலிருந்து ஒருவன் வந்தான். அவனால் அங்கே மேடை கிடைத்தது. நான் உறுமிப் பாடிய வீடியோ பரவியது. பெங்களூரில் ஒரு பெரிய விழாவுக்குக் கூப்பிட்டார்கள். அந்த வாரமே கிட்டார்காரன் என்னை டீக்கடைக்கு வரச் சொன்னான்.

"தப்பா நெனைக்காதமா. பொம்பள கொரல்னா வேடிக்கை பாக்கத்தான் வருவாங்கன்னு புது ஆளு சொல்லிக்கினே இருக்கான். நீ எழுதிக் குடு. பாடறதுக்கு வேற ஆளு பாத்துட்டோம்."

"நீ என்னா சொன்ன அவன்கிட்ட?"

அவன் டீக்குக் காசு கொடுக்க எழுந்தான். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள்.

சில மாதம் கழித்துச் சென்னையில் அவர்கள் நிகழ்ச்சி. டிக்கெட் எடுத்துக்கொண்டு போனேன். முதல் பாட்டே என்னுடையது. பெண் பார்க்க வந்தவர்கள் என்னைப் பாடச் சொல்லிவிட்டு, 'கொஞ்சம் மெதுவாப் பாடும்மா' என்றார்களே, அந்தக் கோபத்தில் எழுதியது. புதுப் பாடகன் 'எழு' என்பதை 'எலு' என்று பாடினான். முடித்துவிட்டு, எங்கள் கிட்டாரிஸ்ட் எழுதிய பாட்டு என்று அறிவித்தான். கூட்டம் கைதட்டியது.

மேடைக்குப் பின்னால் போய்க் கேட்டேன். பேண்டு என்றால் எல்லாருக்கும் சொந்தம்தானே என்றான் கிட்டார்காரன். அப்போது டிரம்ஸ்காரன் குழப்பத்தோடு என்னைப் பார்த்தான்.

"உனக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சு, இனிமே பாட மாட்டன்னு சொன்னாங்களே?"

"எனக்கு ஒரு போன் போட்டுக் கேக்கறதுக்கு என்னாபா?"

அந்தப் பொய்யைச் சொன்னவர்கள் மேல் இருந்த ஆத்திரத்தில் பாதி, அதை விசாரிக்காமல் நம்பிய இவன் மேலும் வந்தது. மறுநாள் அவன் அந்தக் குழுவை விட்டு விலகினான். அவனை மன்னித்து என்னோடு சேர்த்துக்கொள்ள எனக்கு வெகு நாளாயிற்று.

இப்போது பேஸ் அண்ணனும் பகல் ஷிப்டுக்கு மாறித் திரும்பிவிட்டார். கிட்டாருக்கு ஆள் தேடி அலுத்து, நானே கற்றுக்கொண்டேன். மூன்று பேராக மேடை ஏறுகிறோம். பழைய குழுவினர் அதன் பிறகு இரண்டு பாடகர்களை மாற்றிவிட்டார்கள். என் பாட்டை மட்டும் விடவில்லை.

போன மாதம் கிட்டார்காரன் செய்தி அனுப்பினான், பழசை மறந்து சேர்ந்து பாடலாமாம். முதலில் மேடையில் நின்று, அந்தப் பாட்டை எழுதியது யார் என்று சொல், பிறகு பேசலாம் என்று பதில் போட்டேன். படித்துவிட்டான். இன்னும் ஒரு வார்த்தைகூட வரவில்லை.