இரண்டிரண்டாய் ஒலித்த ஃபோல்டர்கள்

கிள்ளானில் ஒரு சிறிய கடையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். வாடிக்கையாளர் சொல்வதில் பாதியைத்தான் காதில் வாங்குவேன். திரையைப் பார்த்தால் எனக்கே தெரிந்துவிடும் என்ற தைரியம். அந்தத் தைரியம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு காலைப்பொழுதில் ஆட்டம் கண்டது.

போனில் அழைத்தது ஒரு பெண் குரல். "அண்ணே, ஈமெயில்ல எல்லா ஃபோல்டரும் ரெண்டு ரெண்டா வருது. போன மாசம் சர்வர் மாத்துனாங்க, அதுலேர்ந்து இப்படித்தான். வேலையே ஓடலை லா."

ஃபோல்டர் இரட்டிப்பது எனக்குப் புதிதில்லை. பழைய மெயிலை யாரோ இரண்டாம் தடவை இறக்கியிருப்பார்கள், நகலை அழித்தால் அரை மணியில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கொமியூட்டர் ரயிலேறினேன்.

கடைவரிசைக்கு மேலே இரண்டாவது மாடியில் அந்த அலுவலகம். பார்வை இல்லாதவர்களுக்காகத் தமிழ்க் கதைகளை ஒலிப்பதிவு செய்கிறார்கள். தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தே வாசித்துப் பதிந்து மெயிலில் அனுப்ப, அதைத் தரம்பிரித்துத் தொகுப்பது அந்தப் பெண்ணின் வேலை. முப்பது வயதைத் தாண்டியிருக்கும். கதவைத் திறந்து, என் தோள் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு, "வாங்கண்ணே, படி ஏறி மூச்சு வாங்குதே, மொதல்ல தண்ணி குடிங்க" என்றார். அவருக்கும் பார்வை இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேசைமேல் திரை இருந்தது. சுவிட்சைத் தட்டினேன், எரியவில்லை.

"வயர் சொருகியிருக்கான்னு பாருங்க. யாரும் அதப் போட்டதில்ல" என்று சிரித்தார்.

நான் மேசைக்கடியில் குனிந்து வயரைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் வேலையைத் தொடங்கிவிட்டார். ஸ்பீக்கரிலிருந்து ஏதோ சத்தம் பொரிந்து தள்ளியது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. இயந்திரம் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. திரையில் உள்ளதை வாசிக்கும் குரல் அது. அவர் வைத்திருந்த வேகம் அப்படி.

"உங்களுக்காக மெதுவா வெக்கிறேன்" என்று இரண்டு பொத்தானை அழுத்தினார்.

இப்போது தெளிவாகக் கேட்டது. அனுப்புகிறவர்களின் ஊரை வைத்து ஃபோல்டர்களுக்குப் பெயர் வைத்திருந்தார். "பூச்சோங் அக்கா, ஏழு படிக்காதவை. மஸ்ஜித் இந்தியா அண்ணன், மூன்று. ஜெஞ்சாரோம் டீச்சர்." கொஞ்சம் கீழே போனதும் மறுபடியும் அதே பூச்சோங், அதே மஸ்ஜித் இந்தியா, அதே ஜெஞ்சாரோம். நாற்பது ஃபோல்டர் எண்பதாகியிருந்தது. எனக்கென்றால் கண்ணை ஒருதரம் ஓட்டினால் போதும். அவர் எண்பதையும் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தாண்ட வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை முறை!

திரைக்கு உயிர் வந்தது. இன்பாக்ஸுக்கு அடியில் ஒரு வரிசை, வெளியே இன்னொரு வரிசை. நினைத்த மாதிரியேதான். மௌஸைப் பிடித்தேன். வெளியே இருந்த ஜெஞ்சாரோம் டீச்சர் மேல் வைத்து 'டிலீட்' கொடுத்தேன். உறுதிதானா என்று கேட்கும் பெட்டி எழுந்தது. அந்தக் கேள்வியைக் குரலும் வாசித்தது.

"அண்ணே, கைய எடுங்க!"

எடுத்துவிட்டேன்.

"அது நகல் இல்லண்ணே. ரெண்டும் ஒண்ணுதான்."

"ரெண்டு தனித்தனியா தெரியுதேம்மா."

"நேத்து உள்ள இருக்கிற பூச்சோங் அக்கா ஃபோல்டர்ல ஒரு மெயில் படிச்சேன். எட்டு ஏழாச்சு. வெளிய போய்க் கேட்டா அங்கயும் ஏழு. நகலா இருந்தா அது எட்டாவே நிக்கணும் இல்லையா? மஸ்ஜித் இந்தியா அண்ணனோடதுலயும் போட்டுப் பாத்தேன், அதே மாதிரிதான். போன்லயே சொல்ல வந்தேன், நீங்க சரி சரின்னு வெச்சிட்டீங்க."

பெட்டியை மூடினேன். வெளியே இருந்த பூச்சோங் ஃபோல்டரைத் திறந்து ஒரு மெயிலைப் படித்தேன். இன்பாக்ஸுக்கு அடியில் இருந்த ஏழு, என் கண்ணெதிரே ஆறானது.

அவர் சொன்னதுதான் உண்மை. புதிய சர்வர் எல்லா ஃபோல்டரையும் இன்பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டு, பழைய முறைக்காக அவற்றையே வெளியிலும் காட்டுகிறது. மெயில் புரோகிராம் அதை நம்பி ஒன்றை இரண்டாக எண்ணிவிட்டது. ஒன்றை அழித்திருந்தால் மற்றதும் சேர்ந்தே போயிருக்கும். வந்ததும் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி எடுத்திருக்க வேண்டும். அதைக்கூட நான் செய்யவில்லை.

"இந்த ஜெஞ்சாரோம் டீச்சர் நிறைய அனுப்பியிருக்காங்களா?" என்று மெல்லக் கேட்டேன்.

"நூத்துக்கு மேல. பாதிய இன்னும் இறக்கவே இல்ல. இனிமே அனுப்பமாட்டாங்க. தொண்டையில ஆபரேஷன், பேச்சு வர்றதில்ல. வீட்லயும் அவங்க வெச்சுக்கல. அனுப்பின கையோட அழிச்சிடுவாங்களாம், போன்ல இடம் பத்தலன்னு" என்றார்.

நாற்பது பேருடைய ஃபோல்டரும், எதில் எத்தனை படிக்காதவை என்பதும் அவர் தலைக்குள் இருந்தன. எதையும் அழிக்காமல், எண்ணை மட்டும் கேட்டு, இன்னொரு ஃபோல்டரிலும் அதையே சோதித்து, சர்வர் மாற்றியவர்களே சொல்லாத ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். எண்கள் என் முன்னாலும்தான் இருந்தன. நான் அவற்றைப் பார்க்கவே இல்லை.

முதலில் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றினேன். அது முடியும்வரை எதையும் தொடவில்லை. பிறகு கணக்கின் செட்டிங்கில், ஃபோல்டர்கள் எங்கிருந்து தொடங்குகின்றன என்று கேட்கும் கட்டத்தைத் தேடிப் பிடித்தேன். அது காலியாக இருந்ததால்தான் புரோகிராம் உள்ளேயும் வெளியேயும் எண்ணியிருந்தது.

"நீங்களே அடிங்கம்மா. இன்பாக்ஸ், எல்லாம் பெரிய எழுத்து, அப்புறம் ஒரு புள்ளி."

அடித்தார். புரோகிராமை மூடித் திறந்தார். அம்புக்குறிப் பொத்தானால் கீழே கீழே போனார். பூச்சோங் அக்கா. மஸ்ஜித் இந்தியா அண்ணன். ஜெஞ்சாரோம் டீச்சர். கடைசிவரை போய், முதலிலிருந்து இன்னொரு முறையும் கேட்டார். எல்லாம் ஒரே ஒரு தடவை. முகம் மலர்ந்துவிட்டது.

"டீச்சரோட பதிவு இருக்கான்னு ஒண்ணு போட்டுப் பாப்போமா?" என்றார்.

கரகரப்பான, அவசரமில்லாத குரல். ஒரு தோட்டத்து லோரிக்காரனின் கதை. நடுவில் எங்கோ சேவல் கூவியது. டீச்சர் நிறுத்தி, "இருடா, முடிச்சிட்டு வரேன்" என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார்.

இருவரும் சிரித்துவிட்டோம். "சேவல் வர்ற இடத்த வெட்டிடச் சொல்றாங்க மேலதிகாரிங்க" என்றார் அந்தப் பெண். "நான் வெட்டமாட்டேன்."

பையை மாட்டிக்கொண்டு எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தேன். கதை முடிய இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது.