வலைமுடிச்சு போட்ட முன்பல்

எனக்கு எண்பத்தொரு வயது ஆகிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். படித்தது இரண்டாம் வகுப்பு, அதிலும் பாதிதான். பெயர் எழுதத் தெரியும், பஸ் போர்டு படிக்கத் தெரியும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சை அவள் ஏட்டுத் தமிழாக மாற்றிக்கொள்ளட்டும். விஷயத்தில் மட்டும் கைவைக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பல் முளைத்த இடத்திலேயே கடைசி வரைக்கும் நிற்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பல் நகரும். என் வாயில் நகர்ந்ததை நானே கண்ணாடியில் பார்த்தேன்.

நான் வைத்திக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டுக்காரர் கடலுக்குப் போவார். அவர் கொண்டுவரும் மீனை நான் கூடையில் தூக்கிக்கொண்டு டவுனில் பெரிய மார்க்கெட்டுக்குப் போவேன். அங்கே தூண் ஓரத்தில் எனக்கு ஒரு இடம். மாமியார் உட்கார்ந்து விற்ற இடம் அது. அவருக்கு முன்பல் விழுந்து, கூவுகிற விலை யாருக்கும் புரியாமல் போனதும், "நீ வூட்ல ஒக்காந்து கருவாடு திருப்பு" என்று சொல்லிவிட்டார்கள். இடம் எனக்கு வந்தது. எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். மார்க்கெட்டில் குரல்தான் தராசு, பல் போனால் குரல் போச்சு, குரல் போனால் இடம் போச்சு.

எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரன் ஆட்சி முடிந்து கொடி இறங்கின சமயத்தில் என் இரண்டாவது பிள்ளை கைக்குழந்தை. அப்போது கீழ் வரிசையில் ஒரு கடைவாய்ப்பல் என்னைப் படுத்தி எடுத்தது. மார்க்கெட் பக்கத்தில் பல் பிடுங்குகிறவர் ஒருவர் இருந்தார். பிடுங்கினார், வலி போயிற்று, அதோடு மறந்துவிட்டேன். அந்தப் பள்ளத்தை அப்படியே விடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கோ அது புகையிலை அடக்கிக்கொள்ள வசதியாகப் போயிற்று.

சில வருஷம் கழித்து, முன்னே சிக்காத இடத்தில் எல்லாம் மீன்முள் சிக்க ஆரம்பித்தது. பள்ளத்துக்கு நேர் மேலே இருந்த பல் கீழே இறங்கி எட்டிப் பார்த்தது. பள்ளத்துக்குப் பக்கத்துப் பல் சாய்ந்துகொண்டது. பிறகு மேல் வரிசை முன்பல் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. அதில் ஒன்று வெளியே தள்ளிக்கொண்டு, நாக்கு பட்டாலே ஆடியது.

என் நாத்தனார், வீட்டுக்காரருக்குத் தங்கை, கூடை இறக்க என்னோடு வருவாள். தூண் ஓரத்து இடத்தின் மேல் அவளுக்கு ஒரு கண்.

"அண்ணி, வாயில ஜன்னல் தொறந்துகிச்சே, காத்து வருதா?"

"வருதுடி. உன் பேச்சு நாத்தம் போவறதுக்குத்தான் தொறந்து வச்சிருக்கேன்."

"சங்கரா மீனுன்னு நீ கூவுனா பாம்பு சீறுற மாதிரி இருக்கு. பேசாம நீ கருவாட்டப் பாத்துக்கோ, நான் இங்க ஒக்காந்துக்கறேன்."

"பல்லு விழட்டும், அப்பறம் ஒக்காரு."

வாயால் அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு உள்ளுக்குள் உதறல்தான். எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. அதற்குள் கருவாட்டுப் பாயா?

ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர் மணலில் வலையைப் பரப்பிக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எப்போதும் செய்கிறதுதான். கடித்ததும் சுருக்கென்றது. வாயைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தா புள்ள, வாயத் தொற."

திறந்தேன். வலையைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்.

"வலையில ஒரு கண்ணு பெருசாப் போனா இன்னா பண்றோம்? இழுத்து முடிச்சுப் போடறோம். இதுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"அது நூலு. இது பல்லுய்யா."

"நூலு நனைஞ்சா இறுகும். உன் வாயி எப்பவும் நனைஞ்சுதான இருக்கு, பேச்சு ஓயாம."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்த நாளில் வலை நூலுக்கு மரப்பட்டைச் சாயம் ஏற்றுவார்கள், நாக்கில் வைத்தால் துவர்க்கும். துவர்ப்பு ஈறுக்கு நல்லதாச்சே என்று நானும் தலையாட்டினேன். விலகின இரண்டு பல்லையும் சேர்த்து நூலைச் சுற்றி, வலைமுடிச்சு ஒன்று போட்டார். அவர் போட்ட முடிச்சு கடலிலேயே அவிழ்ந்தது கிடையாது.

முதலில் எனக்கு ஒரே சந்தோஷம். இடைவெளி குறைந்தது. நாத்தனாரிடம் பல்லைக் காட்டிச் சிரித்தேன். சில நாள் போனதும் நூல் கண்ணுக்குத் தெரியவில்லை. அறுந்து விழுந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் ஈறு வீங்கியது, ரத்தம் கசிந்தது, ஆடின பல் இன்னும் நீளமாகத் தொங்குகிற மாதிரி ஆயிற்று.

மார்க்கெட்டில் எனக்கு ஒரு வாடிக்கை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, எங்கள் பேச்சில் சொல்தாவாக, இருந்து இறந்துபோன ஒருவரின் மனைவி. தமிழ் அம்மாதான், ஆனாலும் கவுன் போடுவார். எல்லோருக்கும் அவர் மதாம். அன்றைக்கு வஞ்சரத்துக்கு என்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"ஏம்மா, வாயில ரத்தம்?"

"வெத்தல, மதாம்."

"வெத்தலச் சிவப்பு எனக்குத் தெரியாதா? தொற."

அத்தனை பேர் நடுவில் என் தாடையைப் பிடித்துத் திறந்து பார்த்தார். "மொந்தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்கு நட."

"மீனு கெடக்குது மதாம்."

நாத்தனார் முந்திக்கொண்டாள். "போ அண்ணி. எடத்த நான் பாத்துக்கறேன்."

"அதான்டி எனக்கு பயமே."

ஆஸ்பத்திரியில் பல் தொக்தேர் என் வாயில் விளக்கு அடித்துப் பார்த்தார். எங்கள் ஊரில் டாக்டரை அப்போது தொக்தேர் என்றுதான் சொல்வோம். சின்னக் கொக்கி ஒன்றை வைத்து ஈறுக்கு உள்ளே இருந்து நூலை எடுக்கப் பார்த்தார். லேசில் வரவில்லை.

"யார் போட்ட முடிச்சும்மா இது? அவுக்கவே முடியலியே."

"எங்க வூட்டுக்காரரு."

"கெட்டிக்காரர்தான். ஆனா பல்லு மேல போகப் போக வேர் கூம்பிக்கிட்டே போகும்மா. கட்டின நூலு வழுக்கி வழுக்கி வேர்ப்பக்கம் ஏறிடுச்சு. இறுகுறதுக்குப் பதிலா பல்ல வெளிய தள்ளுது."

நூல் வந்தது. அதைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. அந்தப் பல் ஏன் விலகியது என்று கேட்டேன்.

"வெளிய பெஞ்சுல எல்லாரும் நெருக்கி உக்காந்திருக்காங்க, பாத்தீங்களா? ஒருத்தர் எழுந்தா என்ன ஆகும்?"

"பக்கத்துல இருக்கறவங்க நல்லா சாஞ்சு ஒக்காந்துக்குவாங்க."

"பல்லும் அப்படித்தான். ஒண்ணைப் புடுங்கிட்டா மத்தது எல்லாம் அந்த எடத்துக்கு நகரும். புடுங்கின கொஞ்ச நாள்லயே அங்க ஒரு கட்டுப்பல் வச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

இன்னொன்றும் சொன்னார். என் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் காறை கல்லு மாதிரிப் படிந்திருந்தது. அது ஈறைப் புண்ணாக்கி, உள்ளே பல்லைப் பிடித்திருக்கிற எலும்பைக் கரைத்துவிடுமாம். பிடிப்பு போனால் நாக்கு தள்ளினாலே போதும், பல் இடம் மாறிவிடும். புகையிலை அதற்குக் கூட்டாளி. இதெல்லாம் இல்லாதவர்களுக்கும் வயது ஏற ஏறப் பல் மெல்ல முன்பக்கம் நகருமாம். கீழ் வரிசை முன்பல் ஒன்றை ஒன்று நெருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம், நெருக்கின இடத்தில் அழுக்குத் தங்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்.

எனக்கு அப்போது ஒரே கேள்விதான். "இந்தப் பல்லு நிக்குமா?"

"கையெழுத்துப் போட்டுத் தர முடியாதும்மா. எலும்பு கொஞ்சம் மிச்சம் இருக்கு. ஈறு ஆறி இறுகினா நிக்கும். பாதி என் வேலை. பாதி உங்க வேலை."

காறையைச் சுரண்டி எடுத்தார். பிறகு அவரும் கட்டினார்! மெல்லிய கம்பியை ஆடாத பற்களோடு சேர்த்துப் பின்னி, ஈறுக்கு எட்டாத இடத்தில் நிறுத்தினார். வீட்டுக்காரர் அன்றைக்கு என் வாயை விளக்கில் பார்த்துவிட்டுக் குதித்தார்.

"நானும் கட்டுனேன், அவரும் கட்டியிருக்காரு. நான் கட்டுனா மட்டும் குத்தமா?"

"நீ இழுத்துக் கட்டுன. அவரு இழுக்கல. ஆடுறதப் புடிச்சுக்க நாலு பல்லத் தொணைக்கு நிறுத்தியிருக்காரு."

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "பின்னலு பரவால்ல" என்றார். அதற்கு மேல் அவர் யாரையும் பாராட்டினதில்லை.

என் பாதி வேலைதான் பெரிய வேலை. புகையிலையை விட்டேன். விட்ட முதல் நாட்களில் வீட்டில் என்னிடம் யாரும் வாய் கொடுக்கவில்லை. வாய் நமநமக்கும்போது பொட்டுக்கடலையை வாயில் போட்டுக்கொள்வேன். செங்கல் தூள், அடுப்புக்கரி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மதாம் வாங்கிக் கொடுத்த பிரஷ்ஷில் ஈறு ஓரமாக மெதுவாகத் தேய்த்தேன், காலையிலும் படுக்கப் போகும் முன்னும். குப்பத்துப் பெண்கள் துரைசாணி என்று கேலி செய்தார்கள். செய்யட்டும். வலை நூலை அறுக்க இடுப்பில் ஒரு சின்னக் கத்தி வைத்துக்கொண்டேன். பல் கடிக்கத்தானே தவிர, அறுக்க இல்லை.

வாயில் கம்பியோடு எனக்குக் கூவ வரவில்லை. அத்தனை நாளும் நாத்தனார்தான் தூண் ஓரத்தில் உட்கார்ந்து கூவினாள். நன்றாகவே கூவினாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் ஊர்க்காரர்கள் பிரெஞ்சுப் பிரஜையாக இருக்கலாமா, இந்தியப் பிரஜையாக இருக்கலாமா என்று தாங்களே முடிவு பண்ண வேண்டியிருந்தது, மதாம் அதில் குழம்பிக்கொண்டிருந்த காலம். அந்தக் குழப்பத்திலும் என்னைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். தொக்தேர் கம்பியை வெட்டி எடுத்தார். பல் மேல் விரலை வைத்து முன்னும் பின்னும் தள்ளினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நிக்குதும்மா. நல்லா நிக்குது."

இடைவெளி முழுசாக மூடவில்லை. ஒரு நூல் அளவு இன்னும் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். கடைவாய்ப் பள்ளத்தில் கட்டுப்பல் வைத்துக்கொண்டு, மறுவாரமே என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். நாத்தனாருக்கு எதிர் வரிசையில் ஒரு இடம் பார்த்துக் கொடுத்தேன். அங்கிருந்து என்னைவிடச் சத்தமாகக் கூவினாள். இரண்டு பேருக்கும் மீன் விற்றது.

அந்த முன்பல்லால் இன்றைக்கும் கடிக்கிறேன். கீழ்ப்பல் வரிசை தொக்தேர் சொன்ன மாதிரியே நெருக்கிக்கொண்டுவிட்டது. வயதின் வேலை அது, அதற்கு நான் அலட்டிக்கொள்வதில்லை. ஈறில் ரத்தம் வந்தால் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போவதை நான் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடுவதில்லை. என் பிள்ளைகளையும் தள்ளிப்போட விடுவதில்லை.

சரி, போதும் எழுதினது. எங்க, மொதல்லேர்ந்து படிச்சுக் காட்டு கண்ணு. நான் சொன்னதுக்கு மேல எதுனா சேத்திருக்கியான்னு கேக்கறேன்.