சோக் அண்ணனின் மூக்கு

எங்களை வேலைக்குக் கூட்டிப்போகிற வேன்காரரை நாங்கள் சோக் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வீடும் எங்கள் தெருதான். விடியாத நேரத்தில் நாங்கள் அரைத்தூக்கத்தோடு போய் நிற்கும்போது, அவர் வண்டிக்குள் உட்கார்ந்து, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவதற்கான சோக் குமிழை இழுத்துப் பிடித்தபடி, "வாடி கண்ணு, வா, வா, வா" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். பெற்ற பெண்களைக்கூட அப்படிக் கொஞ்சியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

நாங்கள் ஏழு பேரும் ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்து இஸ்திரி போடும் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். உள்ளே போனால் சாயங்காலம் வரை நின்றபடியே வேலை. வேனில் போகிற வருகிற நேரம்தான் எங்களுக்கு உட்காரக் கிடைக்கும் நேரம். அதனால் அந்த வண்டி எப்படிக் குலுக்கினாலும் நாங்கள் குறை சொன்னதில்லை.

அது ஒரு ரொட்டிக் கம்பெனி கழித்துப்போட்ட பழைய பெட்ரோல் வேன். அண்ணன் அந்தக் கம்பெனிக்கு ஓட்டியவர். கம்பெனியை மூடியபோது வண்டியைத் தானே வாங்கிக்கொண்டார். இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக் கரையேற்றியது அந்த வண்டிதான். இப்போது அவரும் வீட்டுக்காரம்மாவும் சாப்பிடுவதும் அதை நம்பித்தான்.

சோக் அண்ணன் வந்தாலே பெட்ரோல் வாசமும் கூடவே வரும். டேங்கிலிருந்து பெட்ரோல் எடுக்க வேண்டுமானால் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவார், துப்புவார், சட்டையில் துடைத்துக்கொள்வார். நாற்பது வருடமாக இதே பழக்கம். வயதில் மூத்த மனிதரிடம் "உங்க மேல வாடை அடிக்குது" என்று எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வோம். மழை பெய்தால் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வோம். மரியாதை என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

போன வருடக் கடைசியில் வண்டி நடுவழியில் நிற்க ஆரம்பித்தது. அண்ணன் இறங்கி ஃபில்டரைக் கழற்றி ஊதுவார். பழுப்பு நிறத்தில் சேறு மாதிரி ஏதோ வரும். "பங்க்ல கலப்படம் பண்றான்மா, படுபாவி" என்று திட்டிவிட்டு வேறு பங்க்குக்கு மாறுவார். அங்கேயும் அதே கதைதான். வண்டிக்குள் வாசம் நாளுக்கு நாள் கூடியது. எனக்குத் தினமும் தலைவலி. துணி மடிக்கிற பெண் அப்போதுதான் மாசமாகியிருந்தாள். வேனில் ஏறினாலே குமட்டுகிறது என்பாள். மசக்கை, போகப் போகச் சரியாகிவிடும் என்று ஆளுக்கொரு புத்தி சொன்னோம். வாயைத் திறக்க வேண்டிய விஷயத்துக்கு மட்டும் ஒருத்தியும் திறக்கவில்லை.

ஒருநாள் வண்டி வழியில் நின்றது. அண்ணன் புது ஃபில்டர் வாங்கக் கடைத்தெருவுக்கு நடந்தார். நாங்கள் உள்ளே உட்கார்ந்திருந்தோம். மடிக்கிற பெண் திடீரென்று கேட்டாள்.

"அக்கா, அண்ணன்தான் கடைக்குப் போயிட்டாரே. அப்புறம் எங்கேருந்து இந்த வாசம்?"

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். அந்த வண்டிக்கு எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். நான் உட்காருவது அதன் மேல்தான். எழுந்து சீட்டைத் தூக்கினேன். பெட்ரோல் போகிற ரப்பர் குழாய் உப்பி, வெடித்து, நனைந்து கிடந்தது. தொட முடியாத சூட்டில் எஞ்சின், அதற்கு ஒரு சாண் மேலே சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல். இத்தனை நாளும் நான் எதன் மேல் உட்கார்ந்து கோழித்தூக்கம் போட்டிருக்கிறேன் என்று புரிந்ததும் கதவைத் திறந்து வெளியே குதித்தேன்.

அண்ணன் வந்ததும் கத்தினேன். அவர் குனிந்து குழாயைத் தடவி, விரலை மூக்கில் வைத்தார். மறுபடியும் வைத்தார்.

"எனக்கு வாசமே வரலியேம்மா" என்றார். "எத்தனை நாளா வருது?"

மடிக்கிற பெண்தான் போட்டு உடைத்தாள். "ரொம்ப நாளாவே வருதுண்ணே. நாங்க உங்க மேலதான் வருதுன்னு நெனச்சோம்."

அண்ணன் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். "அப்ப வீட்ல அவ அந்தப் பக்கம் திரும்பிப் படுக்குறதும் இதனாலதானா" என்றார். நாங்கள் சிரித்துவிட்டோம், அவரும் சிரித்தார். ஆனால் எனக்கு அழுகையாக வந்தது.

மெக்கானிக் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "பங்க்காரனைத் திட்டாதீங்க. இப்ப பெட்ரோல் எல்லாமே எத்தனால் கலந்துதான் வருது. புது வண்டில அதுக்குத் தாங்குற ரப்பர் போட்டிருக்கான். உங்க வண்டி ரப்பருக்கு அது ஆகாது, ஊறி உப்பி வெடிச்சிடும். டேங்க்ல இருக்கிற பழைய கசடையும் கரைச்சுக் கொண்டாந்துடும். ஈரத்தையும் இழுக்கும், உள்ள துருப்பிடிக்கும்." குழாய்களை எல்லாம் மாற்றி, டேங்கைக் கழுவி வண்டி திரும்பி வரும்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தோம்.

அதற்குப் பிறகு சோக் அண்ணன் ஆளே மாறிவிட்டார். குளித்து, துவைத்த சட்டை போட்டு வருவார். எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றுகொள்வார். வண்டியைக் கிளப்பியதும் திரும்பி, "வாசம் வருதாம்மா?" என்று கேட்பார். "இல்லண்ணே" என்ற பிறகுதான் நகர்த்துவார். அவர் தள்ளி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், எங்கள் மேல்தான்.

போன வாரம் நல்ல மழை. ஏற்கெனவே நேரமாகிவிட்டது. சலவைக்கூடத்துக் கேட்டை மூடிவிட்டால் அன்றைய கூலி அவ்வளவுதான். வண்டி கிளம்பியது. "வாசம் வருதாம்மா?" என்றார். லேசாக வந்தது. மடிக்கிற பெண் பிரசவத்துக்குப் போயிருந்தாள். மற்றவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். ஒருத்தி என் தொடையைக் கிள்ளினாள்.

"வருதுண்ணே" என்றேன்.

அவர் உடனே சாவியைத் திருகி அணைத்தார். மழைத்தண்ணீரில் மல்லாந்து வண்டிக்கு அடியில் போனார். எழுந்தபோது முதுகெல்லாம் சேறு, கையெல்லாம் பெட்ரோல். "டேங்க் பக்கம் குழாயைப் பிடிக்கிற கிளாம்ப் விட்டிருக்கு. எல்லாரும் இறங்கிடுங்கம்மா" என்றார்.

பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். கேட்டை மூடியிருப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். என்னோடு யாரும் பேசவில்லை. அண்ணன் எங்களைப் பஸ் ஏற்றிவிடக் கூடவே வந்தார், தெருவின் அந்த ஓரமாக, நனைந்துகொண்டு.

"இப்படி வாங்கண்ணே" என்று குடையைத் தூக்கிப் பிடித்தேன். தயங்கித் தயங்கி வந்தார். குடைக்குள் குப்பென்று அடித்தது.

"உங்க மேலயும் வருதுண்ணே" என்றேன்.

"வராம என்னம்மா, இப்பத்தானே அடியில படுத்தேன்" என்று சிரித்தார். ஆனால் தள்ளிப் போகவில்லை.