கிடையின் பகல் காவல்

நாடோடிகள் தங்கள் கூடாரங்களைக் கொள்ளையரிடமிருந்து காக்கும் முறைகள் பற்றி அந்த ஆண்டு நான்கு புத்தகங்கள் படித்திருந்தேன். பாலைவனமும் பனிவெளியும் எனக்கு அத்துப்படி. கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் கரிசல் காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்த ராமநாதபுரத்து மந்தைத் தலைவரான கீதாரியைப் பார்க்கத்தான் ஆராய்ச்சியாளர் எவரும் வரவில்லை. அந்தக் குறையை நானே தீர்க்கப் போனேன். எண்பதுகளின் தொடக்கம். பங்குனி பிறந்த மூன்றாம் நாள், புதன்கிழமை, பகல் பன்னிரண்டரை. அது என் இரண்டாம் நாள் ஆராய்ச்சி.

ஆண்கள் மேய்ச்சலுக்குப் போயிருந்தார்கள். கீதாரியின் மனைவி மட்டும், பால்குடிக் குட்டிகளை அடைத்திருந்த பனையோலைக் குடாப்பின் அருகே இருந்தாள். காவல் ஏற்பாட்டைக் கேட்டேன். ராத்திரிக்கு மூலைக்கொரு ஆளும் நாயும் என்றாள். பகலுக்கு?

"வாய்தான்."

அதை நான் குறித்துக்கொள்ளவில்லை. புத்தகங்களில் அப்படி ஒன்று இல்லை.

அப்போது பைக்கில் இருவர் வந்து நின்றார்கள்.

"கெடா ஒண்ணு வேணும் தாயி. ஆம்பளைய யாரும் இல்லியா?"

"இந்தா, ஓடைக்கு அங்கிட்டு முள்ளு வெட்டுறாக. ஒரு சத்தம் குடுத்தா ஏழு பேரும் வந்துருவாக."

தவறான தகவலை நான் பொறுப்பதில்லை. "ஏழு இல்லை, நாலு பேருதான். புதூர்ப் பக்கம் போயிருக்காவ. நேத்து திரும்பும்போது அஞ்சே கால்" என்று திருத்தினேன்.

"அண்ணாச்சி வெவரமான ஆளுல்லா!" என்றான் ஒருவன். படித்தவனை மதிக்கத் தெரிந்தவன் என்று நினைத்தேன். மற்றவன் சாக்கை உதறினான்.

அவள் குடாப்பை ஒரே உதையில் கவிழ்த்தாள். குட்டிகள் திசைக்கொன்றாகச் சிதறின. வெடித்துக் கிடந்த கரிசலில் அவர்கள் தடுக்கித் தடுக்கி விரட்டி, ஒரே ஒரு குட்டியோடு பைக்கில் ஏறினார்கள். தற்காப்பு முறைகளைக் கரைத்துக் குடித்த நான் அந்நேரம் வேப்பமரத்துக்குப் பின்னால் இருந்தேன்.

"எவன் கேட்டாலும் ஆளுக கூப்பிடு தூரத்துல இருக்காகன்னு சொல்றதுதான் எங்க வேலி. அதப் பிடுங்கிப் போட்டீகளே! வந்து குட்டியப் பிடிங்க" என்றாள். பிடித்தேன்.

மாலையில் மந்தை திரும்பியது. தாயாடுகள் மோந்து மோந்து தங்கள் குட்டிகளைச் சேர்ந்தன. ஒன்று மட்டும் கத்திக்கொண்டே நின்றது.

"களவாணிப் பயலுக எத்தன பேரு?" என்றார் கீதாரி.

"மூணு. ரெண்டு பேரு போயிட்டானுக. ஒருத்தரு இங்கன உக்காந்திருக்காக."

அவர் கும்பாவோடு போய், கத்திய ஆட்டின் மடி கட்டிவிடாமல் பாலைக் கறந்து, கும்பாவை என்னிடம் நீட்டினார்.

"குடிங்கய்யா. குடிக்க வேண்டியது போயிருச்சு."