வடிகட்டிய பெட்ரோல்

பந்தயப் படகைச் சங்கரன்கோவிலுக்குக் கொண்டுவந்தவரை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது என் தப்பு. மழை பெய்தால்தான் எங்கள் குளத்தில் தண்ணீர், அதுவும் மாட்டின் முழங்கால் வரைக்கும். அந்த ஊருக்கு, சுதந்திரம் வந்த மறு வருஷம், லாரியில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு மோட்டார் படகு வந்து இறங்கியது. நாட்டைவிட்டுக் கிளம்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் சிவகிரிப் பக்கத்துப் பண்ணையார் அதை வாங்கியிருந்தார். மலைமேல் ஏரியில் நடக்கும் படகுப் பந்தயத்தில் அதை ஓட்டி ஜெயிக்க வேண்டுமாம். கிணற்று எஞ்சின்களுக்கு ரிப்பேர் பார்க்கும் என்னைத் தேடி வந்துவிட்டார்.

"கெணத்து எஞ்சினும் எஞ்சின்தாம்வே. நீரே சரி பண்ணும், நீரே ஓட்டும். செயிச்சா எம் பண்ணை எஞ்சின் அத்தனையும் ஒம்ம கையிலதான்" என்றார்.

எனக்கு நீச்சல் தெரியாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. பண்ணையின் எஞ்சின்கள் எல்லாம் ஏற்கெனவே என் காதுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டன.

ஒரு மாதம் பாடுபட்டேன். படகின் அடிப்பலகையை உப்புத்தாளால் தேய்த்து மெழுகு பூசினேன். தண்ணீரைத் தள்ளும் விசிறியில் ஒரு இலை நெளிந்திருந்தது, அதை அரத்தால் ராவிச் சரிசெய்தேன். மாட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி எஞ்சினை அதில் இறக்கி ஓட்டிப் பார்த்தேன். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தொப்பலாக நனைந்த பிறகும் இடத்தைவிட்டு நகரவில்லை. சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவன் புளியங்குடியிலிருந்து எலுமிச்சம்பழம் கொண்டுவந்து விசிறியிலேயே கட்டிவிட்டான். அறுத்து எறிந்துவிட்டு வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

மத்தியானச் சோறு கொண்டுவரும் என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"கொளத்துல எறங்கிக் குளிக்கக்கூட பயப்படுத ஆளு நீங்க. ஏரியில போயி என்ன செய்யப் போறிய?"

"ஏட்டி, வாய மூடிட்டுப் போ."

பெட்ரோலை மான்தோலில் மூன்று முறை வடிகட்டினேன். அளவாக எண்ணெய் கலந்து டின்னில் ஊற்றி மூடி, ஒருத்தரும் தொடக்கூடாது என்று சொல்லி வீட்டுக்குள் வைத்தேன்.

பந்தயத்தன்று ஏரிக்கரையில் டின்னை நன்றாகக் குலுக்கினேன். எண்ணெய் அடியில் தங்கிவிடக் கூடாதல்லவா? நானே வடிகட்டியதை மறுபடி எதற்கு வடிகட்ட வேண்டும் என்று அப்படியே ஊற்றினேன். மூன்று படகுகள். நடு ஏரியில் மிதந்த பீப்பாயைச் சுற்றித் திரும்பும்போது நான்தான் முன்னால். அங்கே எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. துடுப்புப் படகுக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துவந்து கரை சேர்த்தார்கள்.

எல்லார் முன்னாலும் கார்புரேட்டரைக் கழற்றினேன். உள்ளே மண். விரலால் தேய்த்ததுமே தெரிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து நெற்றியில் பூசி, வயிற்றுவலிக்குக் கரைத்துக் குடித்து வளர்ந்த எங்கள் கோயில் புற்றுமண். யார் போட்டது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"என்னவே அது?" என்றார் பண்ணையார்.

"மண்ணு, அண்ணாச்சி. வடிகட்டாம விட்டுட்டேன்."

எஞ்சின்காரன் வாயிலிருந்து வரவே கூடாத வார்த்தை அது. பெண்டாட்டி போட்டாள் என்று அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? பண்ணையார் என்னை லாரியில் ஏற்றிக்கொள்ளவில்லை. பஸ் மாறி மாறி ஊர் வந்து சேர்ந்தேன்.

வாசலிலேயே காலி டின்னை வீசி எறிந்தேன். தெரு கூடிவிட்டது. என் பேரையே மண்ணாக்கிவிட்டாயே என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் அசையவில்லை.

"சாமி மண்ணு. ஒரு பிடிதான் போட்டேன், ஒங்களுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு. ஒண்ணும் ஆவலல்லா?" என்றாள்.

இரண்டு நாள் அவள் கையால் சாப்பிடவில்லை. பண்ணை எஞ்சின்கள் ராஜபாளையத்து மெக்கானிக்கிடம் போயின. வடிகட்டத் தெரியாதவன் என்ற பேர் எனக்கு வருஷக்கணக்கில் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. சண்டை வரும்போதெல்லாம் அந்த டின்னை இழுத்துப் பேசாமல் நான் விட்டதில்லை.

ஒன்றை மட்டும் அவளிடம் சொன்னதில்லை. எஞ்சின் நின்றதும் எனக்குக் கோபம் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. படகின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி, மற்ற இரண்டு படகும் போய்த் தொலையட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.