தோக்கார் என்றால் தொடுதல்

நானும் சுடர்விழியும் தஞ்சாவூரில் ஒரே வகுப்பில் ஸ்பானிஷ் படித்தோம். அவள் ஒரத்தநாடு பக்கம், நான் நாகூர். முதல் வாரம் அப்பாவைப் பற்றி 'மி பாத்ரே' என்று தொடங்கி ஒரு வரி சொல்லச் சொன்னார்கள். இவள் எழுந்து, "எங்க அப்பா பாதிரி இல்லைங்களே" என்றாள். வகுப்பே சிரித்தது. அதிகம் சிரித்தது நான்தான்.

பாத்ரே என்றால் அப்பா. போர்ச்சுக்கீசியர் வாயில் அதுவே சாமியாருக்கும் பெயராகி, நம்மிடம் பாதிரியாக வந்து சேர்ந்தது. இது தெரிந்ததும் அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. சொல்லுக்குச் சொல் பூர்வீகம் தேடினாள். மேசை அங்கேயும் மேசா. அலமாரி, அர்மாரியோ. ஆரஞ்சுக்கு நராங்ஹா, நம் நாரத்தைக்குச் சொந்தம். 'அப்படியே நடக்கட்டும்' என்பதற்கு ஓஹலா, அரபியிலிருந்து போனது. "உங்க வீட்டு இன்ஷா அல்லாவோட தங்கச்சிடி, கமருன்னிஸா" என்றாள். பிறகு அது எனக்கு மறக்குமா?

படிப்பு முடிந்ததும் அங்கேயே ஆசிரியர் வேலை காலியானது. சுடர்விழி சென்னையில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு இதற்காகக் காத்திருந்தாள். பயிற்சி மையத்தின் உரிமையாளர் நெடுஞ்செழியன் சார் ஒரு மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார். அதைப் பார்த்துத்தான் முடிவு. நானும் கடைசி வரிசையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மாங்காயிலிருந்து மாங்கோ, கொப்பரையிலிருந்து கொப்ரா என்று வகுப்பு களைகட்டியது. ஒரு மாணவிக்கு ஆர்வம் தாங்கவில்லை. செல்போனைப் பார்த்தபடி, "மேம், தமிழ்லேருந்து போனது இன்னொண்ணு இருக்கு, பாரியா. அதுக்கு அர்த்தம்..." என்றவள் முகம் வெளுத்து நிறுத்திவிட்டாள்.

ஊர் ஒதுக்கிவைத்தவர் என்று அர்த்தம். எந்தச் சாதிப் பெயரிலிருந்து போன சொல் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. நெடுஞ்செழியன் சார் பதறி, "அடுத்ததுக்குப் போயிடும்மா" என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சொல்லின் சொந்தக்காரியே எதிரில் நிற்கிறாள், தாண்டிப் போவதாம்!

சுடர்விழி தாண்டவில்லை. அந்தச் சொல்லைப் பலகையில் பெரிதாக எழுதினாள்.

"இது எங்க வார்த்தைங்க. பறைன்னா கருவி, பறைன்னா சொல்றதும்தான். அதை வாசிக்கிறவங்க பேரைக் கொண்டுபோயி ஒதுக்கப்பட்டவன்னு அர்த்தம் வச்சிருக்காங்க. ஸ்பானிஷ் பத்திரிகையில வரும், தெரிஞ்சுக்கங்க. வாயில வர்றப்ப யாரைச் சொல்றோம்னு நினைச்சுப் பாருங்க. எங்க அப்பா மருதையன் பறை அடிக்கிறவரு."

"ஸாரி மேம்" என்றாள் மாணவி.

"ஸாரி எதுக்கு? நல்லதைத்தான் கேட்டீங்க. வாங்க, ஸ்பானிஷ்ல சொல்லுவோம். வாசிக்கிறதுக்கு தோக்கார். டொக்குன்னு தட்டுற சத்தத்துல பொறந்ததும்பாங்க. தொடுறதுக்கும் அதே தோக்கார்தான். அந்த பாஷையில தொடாம ஒரு மேளமும் வாசிக்க முடியாது."

பிறகு சொல்லிக்கொடுத்தாள்: "மி பாத்ரே தோக்கா எல் தம்போர்."

வகுப்பு முழுவதும் திருப்பிச் சொன்னது. நான் என் வாப்பாவை நினைத்துக்கொண்டு உரக்கச் சொன்னேன். பக்கத்தில் நெடுஞ்செழியன் சாரின் குரலும் கேட்டது.

வேலை அவளுக்குத்தான். என் சிநேகிதி என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறேன், ஏன் கூடாது? அங்கே எந்தத் தெருவிலிருந்து யார் வந்து சேர்ந்தாலும், முதல் நாள் முதல் வரியாகச் சொல்வது அதைத்தான்: என் அப்பா பறை அடிக்கிறார்.